குடும்ப ஜெபம் பத்தாம் நாளே நின்றுபோவது ஏன்? லெந்துக்கு முன் ஒரு தாள் தயாரிக்கிறோம்

ஞாயிறுபள்ளி டீச்சர், கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வட்டத்துல பதினாலு குடும்பம். லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பிறக்கறதுக்குள்ள குடும்ப ஜெபத்துக்கு ஒரே ஒரு தாள் அச்சடிச்சு வீட்டுக்கு வீடு கொடுக்கணும். லெந்தோட முதல் நாளான சாம்பல் புதன்ல ஆரம்பிக்கிற வீடு பத்தாம் நாள் நிறுத்திடுது. வருஷா வருஷம் இதே கதைதான். "விசுவாசம் குறைஞ்சுபோச்சு"ன்னு பிரசங்கம் வேண்டாம், அதைக் கேட்டாச்சு. எங்கே அறுந்துபோகுது, எதை மாத்தினா நிக்கும், அதைச் சொல்லுங்க. கம்பெனி ஷிப்ட் வீடு, பட்டுப்புழு வளர்க்கிற வீடு, பெங்களூருக்கு வேலைக்குப் போற வீடு, சர்க்கரைக்கு மாத்திரை போடற பெரியவங்க இருக்கிற வீடு, ஒரே வீட்டுல ஆர்.சி.யும் (கத்தோலிக்கர்) சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) இருக்கிறது, எல்லாமே இதுல உண்டு.

சாட்சி சொல்ல வேற இழை இருக்கு. இங்கே செய்முறை மட்டும் போதும்.

மூணு ஷிப்ட், ஒசூர்

டீச்சர், முதல் ஓட்டை நேரத்துலதான். "ராத்திரி எட்டு மணி"ன்னு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு முடிவு பண்றாங்க. ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் 10, சி ஷிப்ட் ராத்திரி 10 முதல் காலை 6. வாரத்துக்கு ஒண்ணா மாறும். எட்டு மணின்னு வெச்சா ஏ வாரம் சரியா இருக்கும். பி வாரம் ஆள் கம்பெனிக்குள்ள இருப்பார். சி வாரம் ஒன்பது மணி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுத் தட்டோட நிப்பார். மூணு வாரத்துல ஒரு வாரம் முழுசாப் போச்சு, ஒரு வாரம் அவசரத்துல போச்சு. பத்து நாள் கூட எப்படி நிக்கும்?

ரெண்டு நேரம் வெச்சுக்கங்க. ஏ, சி வாரத்துல மாலை 7.15. பி வாரத்துல காலை 7.15. பி ஷிப்ட்காரர் வீடு வந்து படுக்க நடுராத்திரி ஆயிடும், அதனால காலையில ஏழேகாலுக்குத்தான் எழுப்பணும், முடிஞ்சதும் மறுபடி படுக்க விட்டுடணும். "எழுந்தது எழுந்தாச்சு, அப்படியே போய்ப் பால் வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்பினா மறுநாள் அவர் எழுந்திரிக்க மாட்டார். இதை விளையாட்டுக்குச் சொல்லலை.

மாதக் காலண்டர்ல ஷிப்ட் எழுத்துக்குப் பக்கத்துலயே ஜெப நேரத்தையும் எழுதிடுங்க. தினம் "இன்னிக்கு எப்போ?"ன்னு ஒருத்தர் கேட்டு ஒருத்தர் பதில் சொல்ற நிலை வந்தாலே பாதி செத்த மாதிரி.

பெங்களூருல தங்கிக் கட்டட வேலை பார்க்கிறவங்க வீட்டுக்குப் போன்தான் வழி. போன்ல சேர்ந்து பாடாதீங்க. ஒரு நொடி தள்ளித்தான் சத்தம் வரும், ஆளுக்கொரு அடியில நிப்பாங்க, பிள்ளைங்க சிரிச்சுடும். வாசிப்பு ஒருத்தர், ஜெபம் ஒருத்தர், மத்தவங்க கேக்கறது. மூணு நிமிஷம் போதும்.

பழைய ஞானோபதேசம், பர்கூர்

நேரம் சரி. அடுத்தது நீளம். பெரும்பாலான வீடுகளில் முதல் நாள் நாற்பது நிமிடம் நடக்கிறது: மூன்று பாட்டு, ஒரு முழு அதிகாரம், அப்பா பத்து நிமிடம் விளக்கம், பிறகு உலக சமாதானம் வரை ஜெபம். ஐந்தாம் நாள் பிள்ளை தூங்குகிறது. எட்டாம் நாள் அப்பாவுக்கே அலுப்பு.

மார்ட்டின் லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் (விசுவாசப் பாடங்களைச் சுருக்கிச் சொல்லும் புத்தகம்) எழுதியது முதலில் வீட்டுத் தலைவருக்காக. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிமையாக எப்படிக் கற்றுக்கொடுப்பது என்றுதான் இருக்கும். அதில் காலை ஜெப முறையைப் பாருங்கள்: விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் ஒரு சின்ன ஜெபம், பிறகு ஒரு பாட்டோடு மகிழ்ச்சியாக வேலைக்குப் போ. இரவு முறையின் கடைசி வரி இன்னும் நல்லது, உடனே நிம்மதியாகத் தூங்கப் போ என்கிறது. மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். கிருஷ்ணகிரியில் 1895-இல் தியோடோர் நேதர் மிஷன் பணியைத் தொடங்கிய காலந்தொட்டு இந்தப் பக்கத்து லுத்தரன் வீடுகளுக்குப் பழக்கமான புத்தகம்தான். இப்போது திடப்படுத்தல் வகுப்புக்கு மனப்பாடம் செய்யும் பாடமாக ஆகிவிட்டது, அது வேறு வருத்தம்.

தாளில் இப்படிப் போடலாம். பாட்டு இரண்டு சரணம் மட்டும், 2 நிமிடம். வாசிப்பு 6 முதல் 12 வசனம், 2 நிமிடம். யாரும் பேசாமல் ஒரு நிமிடம். ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம், 3 நிமிடம். கர்த்தருடைய ஜெபம், 1 நிமிடம். ஒன்பது நிமிடத்தில் ஆமென். சமையலறையில் குக்கர் வைத்துவிட்டு வந்தவர் விசில் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு நிமிட மௌனத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். நடத்துகிறவர் மனதுக்குள் அறுபது எண்ண வேண்டும். இருபதிலேயே தொண்டையைச் செருமத் தோன்றும்.

பென்னாகரம் மேடு

ஒன்பது நிமிஷமா? ஐயா, சீரியலுக்கு அரை மணி, தேவனுக்கு ஒன்பது நிமிஷமா? அளந்து கொடுக்கிறதுக்கு இது ரேஷன் கடையா? ஆவியானவர் நடத்துறப்ப கடிகாரம் பார்க்கச் சொல்றீங்க.

பழைய ஞானோபதேசம், பர்கூர்

ஐயா, நீங்கள் சொல்வது தனி ஜெபத்துக்கு முழுக்கச் சரி. மத்தேயு 6:6 "அறைவீட்டுக்குள்" போகச் சொல்கிறது. அங்கே மணிக்கணக்கில் இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. கூடிச் செய்வதன் நீளத்தைக் கூட்டத்திலேயே பலவீனமானவர்தான் தீர்மானிக்க வேண்டும். அது நாலு வயதுப் பிள்ளை, அல்லது முட்டி வலிக்கிற பாட்டி. ஒன்பது முடிந்ததும் விருப்பமுள்ளவர் தொடரட்டும், மற்றவர் எழுந்து போகலாம் என்று தாளிலேயே எழுதிவிட்டால் உங்களுக்கும் குறையில்லை.

பென்னாகரம் மேடு

"விருப்பமுள்ளவர் தொடரலாம்" இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா எழுந்து போறவங்களைப் பின்னாடி குத்திப் பேசக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க. எங்க பக்கம் அதுதான் பெரிய வியாதி.

ஞாயிறுபள்ளி டீச்சர், கிருஷ்ணகிரி

சேர்த்தாச்சு. வாசிப்புக்கு என்ன போடலாம்? வேதாகமத்துல மொத்தம் 1189 அதிகாரம், வருஷத்துல முடிக்கணும்னா நாளைக்கு மூணுக்கு மேல வருது. புதிய ஏற்பாடு 260 அதிகாரம், வாரத்துக்கு அஞ்சு நாள்னா 52 வாரத்துல கணக்கா முடியும். ஆனா ஒரு அதிகாரம்னாலே ஒன்பது நிமிஷத்துக்குள்ள அடங்காது போல.

கீர்த்தனைப் புத்தகம், காவேரிப்பட்டணம்

அதிகாரக் கணக்கை விடுங்க டீச்சர், அது தனியா வாசிக்கிறவங்களுக்கு. வீட்டுல சத்தமா வாசிக்கச் சம்பவக் கணக்கு. மாற்கு 2-ஐ எடுத்துக்கங்க, 28 வசனம். நாலு நாளைக்குப் பிரியும்: கூரையைப் பிரிச்சு இறக்கினது 1 முதல் 12, லேவியை அழைச்சது 13 முதல் 17, உபவாசக் கேள்வி 18 முதல் 22, கதிர் கொய்தது 23 முதல் 28. ஒவ்வொண்ணும் தனித்தனியா முழுசா நிக்கும்.

லெந்துக்குன்னே ஒரு கணக்கு: மாற்கு 11 முதல் 15 வரை, எருசலேமுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து அடக்கம் பண்ணினது வரைக்கும், 33, 44, 37, 72, 47. மொத்தம் 233 வசனம். சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள், ஆறு ஞாயிறைக் கழிச்சா 40. நாளைக்கு ஆறு வசனம்னு வெச்சா சரியாப் போகும். 14-ஆம் அதிகாரம் மட்டும் பன்னிரண்டு நாள் ஓடும். ஓடட்டும், அந்த ராத்திரி நீளமான ராத்திரிதான். 16-ஐ ஈஸ்டர் காலைக்குன்னு வெச்சுடுங்க.

இன்னொண்ணு, பழைய மொழிபெயர்ப்பு வாசிக்கிற வீட்டுல சொல் தடுக்கும். மாற்கு 2-ல "திமிர்வாதக்காரன்" வருவான். பிள்ளைங்க காதுல அது திமிர் பிடிச்சவன்னுதான் விழும். "திமிர் பிடிச்சவனை ஏன் நாலு பேரு தூக்கிட்டு வர்றாங்க?"ன்னு கேக்கிறது நியாயமான கேள்வி. பொது மொழிபெயர்ப்புல முடக்குவாதமுற்றவர்னு இருக்கும். ஆயக்காரன்னா வரி வசூல் பண்றவர். தற்பொழிவுன்னா தன்னலம். நீடிய சாந்தம்னா பொறுமை. தாளோட பின்பக்கம் இப்படிப் பத்துச் சொல்லுக்கு அர்த்தம் போட்டுடுங்க. அப்பா விளக்கவுரை நடத்தறதை விட அது எவ்வளவோ மேல்.

ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க நிறைய. அவங்க வாசிப்பைத் தமிழ்ல வெச்சாலும் ஜெபத்தை வீட்டு மொழியில பண்ணட்டும். கோயில் தமிழ்ல ஜெபம் பண்ணணும்னு நெனச்சே வாயை மூடிக்கிற பாட்டிங்க உண்டு.

மூணு ஷிப்ட், ஒசூர்

நீதிமொழிகள் 31 அதிகாரம் இருக்கிறதால தேதிக்கு ஒண்ணுன்னு வாசிக்கிறவங்க நிறைய. நல்ல பழக்கம், இன்னிக்கு எங்கே விட்டோம்னு தேடவே வேண்டாம். 30 நாள் மாசத்துல 31 விட்டுப்போயிடும், கடைசி நாள் ரெண்டையும் சேர்த்துக்கணும்.

அன்பியம், கோவிலூர்

31-ஆம் அதிகாரம் வந்தாலே மருமகள் முகம் வாடும். குணசாலியான பெண் பத்தாம் வசனத்தில்தான் வருகிறாள், மாமியார் அங்கே குரலை உயர்த்துவார். அதே அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனம் ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன புத்தி: குடிக்காதே, ஏழைக்கு நியாயம் செய். அதையும் அதே குரலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி ஆர்.சி. வீடுகள். செபமாலை 53 அருள்நிறை மந்திரம் (மரியாவை வாழ்த்தும் செபம்), அவசரப்படாமல் சொன்னால் 20 நிமிடம் ஆகும். தினமும் முழுதும் முடியாத வீட்டில் செபமாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி போதும். ஐந்து நாளில் ஒரு செபமாலை நிறையும். தியானிக்கும் மறைபொருள்கள் (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள்) நாள்வாரியாக: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல்தான் சேர்த்தார், அதனால் பழைய செபப் புத்தகங்களில் வியாழனுக்கு மகிழ்ச்சி என்றிருக்கும். பாட்டியிடம் வாதாடாதீர்கள்.

கலப்பு வீட்டில் எங்கே இடறும் தெரியுமா? இயேசு கற்பித்த செபத்தில். ஒருவர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஆரம்பிப்பார், இன்னொருவர் "விண்ணுலகில்" என்பார். நடுவில் ஒருவர் "கடன்களை மன்னியும்" என்கிறபோது இன்னொருவர் "பாவங்களைப் பொறுத்தருளும்" என்பார். கடைசியில் சி.எஸ்.ஐ.க்காரர் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர, ஆர்.சி.க்காரர் ஏற்கெனவே ஆமென் சொல்லி முடித்திருப்பார். தினம் இந்த மோதலோடு முடிந்தால் கசப்பு சேரும். ஒருநாள் ஒருவர் வழக்கம், மறுநாள் மற்றவர் வழக்கம்; மற்றவர் மௌனமாகக் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று செய்யப் பார்த்தால் இருவருக்குமே வாயில் வராது.

எனக்கென்னவோ "மன்னியும்", "பொறுத்தருளும்" இரண்டுமே ஒரு வீட்டில் கேட்பது நல்லதென்றே படுகிறது. ஒன்று கணக்கைத் தீர்ப்பது, மற்றது தீரும்வரை தாங்குவது.

ஞாயிறுபள்ளி டீச்சர், கிருஷ்ணகிரி

இது அருமை. பென்னாகரம் ஐயா முன்னாடி சொன்ன "குத்திப் பேசறது" பத்தி யாராவது விரிவாச் சொல்லுங்க. எங்க வட்டத்துலயும் பாதி வீட்டுல ஜெபம் நின்னது நேரத்தால இல்லை, அதாலதான்னு எனக்குச் சந்தேகம்.

ஒத்தையடிப் பாதை, அரூர்

சந்தேகமே வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிற அடிக்குப் பேருதான் அது. "ஆண்டவரே, இந்த வீட்டுல பெரியவங்களுக்கு அடங்கி நடக்கிற மனசை எல்லாருக்கும் தாரும்." வீட்டுல இருக்கிறது நாலு பேரு, அடங்காதது யாருன்னு நாலு பேருக்கும் தெரியும். "சம்பாதிக்கிற காசை வீணாக்காத புத்தியைக் கொடும்." "படிக்கிற பிள்ளை செல்போனை விட்டுத் திரும்பட்டும்." அடி வாங்கினவங்களால பதில் சொல்லவும் முடியாது, ஜெபத்துக்கு எதிர்த்துப் பேசின பாவம் வேற வந்து சேரும். மறுநாள் அவங்களுக்குத் தலைவலி, அடுத்த நாள் வேலை இருக்கும். பத்தாம் நாள் கணக்கு இப்படித்தான் வருது.

தாள்ல ஒரே ஒரு விதி போடுங்க: ஜெபத்துல மத்தவங்களைப் பத்திச் சொன்னா நன்றியா மட்டும் சொல்லணும், திருத்தம் வேணும்னா தன்னைப் பத்தித்தான் கேக்கணும். "மருமகளுக்குப் பொறுமை தாரும்" கூடாது. "இன்னிக்கு மருமகள் எனக்குக் கால் அமுக்கி விட்டா, நன்றி" சொல்லலாம். "எனக்குப் பொறுமை தாரும்" சொல்லலாம். இது ஒரு வாரம் நடந்தா பாருங்க, நன்றி சொல்ல ஒண்ணும் கிடைக்காம பகல்லயே கவனிச்சுத் தேட ஆரம்பிப்பாங்க.

லுத்தரன் ஐயா ஞானோபதேசம் பேசினாரே, அதுல எட்டாம் கற்பனைக்கு (பத்துக் கட்டளையில எட்டாவது) வர்ற விளக்கத்தை இந்த இடத்துக்கு எடுத்துக்கலாம். பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிறதுக்கு, அயலானைப் பத்தி நல்லதாப் பேசி, எல்லாத்தையும் நல்லவிதமா அர்த்தப்படுத்தணும்னு விளக்கம் வரும். சி.எஸ்.ஐ. எண்ணிக்கையில அது ஒன்பதாம் கற்பனை, குழம்பிக்க வேண்டாம்.

இதுக்கும் அடியில ஒண்ணு இருக்கு. 1 கொரிந்தியர் 13:5-ல அன்பு "தீங்கு நினையாது"ன்னு வாசிக்கிறோம். கெட்டதை யோசிக்காதுன்னு எடுத்துக்கிட்டுப் போயிடறோம். மூலத்துல இருக்கிற கிரேக்க வினை லொகிசோமாய், கணக்குல எழுதி வைக்கிறதுக்கும் வழங்கின சொல். அன்பு தீங்கைக் கணக்கு எழுதி வைக்காதுன்னு அர்த்தம் வருது. நம்ம ஊர்ல அதுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேணுமா? மொய் நோட்டு வெச்சிருக்கிற ஊர் இது. யாரு எப்போ எவ்வளவு எழுதினாங்கன்னு வருஷம் தப்பாமச் சொல்லுவோம். மொய்யை எழுதி வைக்கிறது தப்பில்லை, திருப்பிச் செய்யணுமே. ஆனா வசவுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு ஓடுது. "தங்கச்சி சீமந்தத்தன்னிக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா"ன்னு பதினோரு வருஷம் கழிச்சுத் தேதியோட வரும். அதுவும் வட்டியோட. அந்த நோட்டை மூடாம எந்த ஜெப முறையும் நிக்காது.

மூடறது எப்படி? மன்னிப்புக் கேக்கிறதுல நடக்கிற தப்பெல்லாம் ஒரே மாதிரிதான். "உன் மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ" என்பது மன்னிப்பே இல்லை, புண்பட்டது உன் தப்புன்னு சொல்றது. எந்த வார்த்தை, எந்த நாள்னு பேர் சொல்லணும்: "பொங்கலன்னிக்கு உங்க அண்ணன் எதிர்ல உன்னை வேலைக்காகாதவன்னு சொன்னேன், அது தப்பு." அடுத்து "ஆனா" வந்தா எல்லாம் அழிஞ்சது. வாக்கியம் முடிஞ்சதும் வாயை மூடிடணும். யாரு எதிர்ல சொன்னோமோ அவங்க எதிர்லயே கேக்கணும். நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டுப் படுக்கையறையில மன்னிப்புக் கேட்டா அது பாதிப் பணம்தான். காசோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தா முதல்ல அதைக் கொடுத்துட்டுப் பேசணும். பவுல் ஒநேசிமுங்கிற அடிமைக்காக எழுதறப்ப, அன்பைப் பத்திப் பேசினதோட நிறுத்தலை, அவன் கடன்பட்டிருந்தா "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்"னு (பிலேமோன் 18) எழுதியே கொடுக்கிறார்.

வாட்ஸ்அப்ல குரல் பதிவா அனுப்பாதீங்க, அது பத்துப் பேருக்குப் போகும். சாப்பாட்டுக்கு முன்னாடி பசியோட பேசாதீங்க. ஜெப நேரத்துல நடத்தாதீங்க, மறுப்பு சொல்ல வழியில்லாத இடத்துல வாங்கற மன்னிப்பு மறுநாள் திரும்பி வரும்.

மூணு ஷிப்ட், ஒசூர்

அண்ணே, வரப்புத் தகராறு? அண்ணன் தம்பி பேசிக்கிறதில்லை, ரெண்டு வீட்டுலயும் தனித்தனியா ஜெபம் அமோகமா நடக்குது.

ஒத்தையடிப் பாதை, அரூர்

அங்கே ரெண்டு விஷயம் ஒண்ணாப் பின்னிக்கிட்டிருக்கு, முதல்ல பிரிக்கணும். கல் எங்கே நடணுங்கிறதை மன்னிப்பு தீர்மானிக்காது, அளவைதான் தீர்மானிக்கும். தாலுகா ஆபீஸ்ல கட்டணம் கட்டி நில அளவைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மனு கொடுக்கட்டும்; ஒருத்தர் மட்டும் கொடுத்தா மத்தவர் அதையே இன்னொரு சண்டையா எடுத்துக்குவார். கிணத்து முறை, வண்டிப்பாதை இருந்தா எழுத்துல போட்டுக்கட்டும். பேச்சு வார்த்தைக்கு மத்தேயு 18:15 முதல் 17 வரை உள்ள வரிசையை மாத்தாதீங்க: முதல்ல தனியா, பிறகு ஒண்ணு ரெண்டு பேரோட, அதுக்கப்புறம்தான் சபை. நம்மாளுங்க தலைகீழாப் போவாங்க. முதல்ல சபை முழுக்கத் தெரியும், பிறகு ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர், கடைசி வரைக்கும் தனியா மட்டும் போகவே மாட்டாங்க.

அந்தத் தனிச் சந்திப்புக்கு வயல் வேண்டாம். வரப்பைப் பார்த்துக்கிட்டே வரப்பைப் பத்தி நிதானமாப் பேச மனுஷனால ஆகாது.

நர்ஸ் அக்கா, தருமபுரி

மேலே சொன்ன மன்னிப்பு முறை அடிக்கிற வீட்டுக்குப் பொருந்தாது, அதைத் தாளில் தனியாக எழுதுங்கள். கணவன் அடிக்கிற வீட்டில் மனைவியிடம் "ஏழெழுபது தரம்" என்று வசனம் சொல்லித் திருப்பி அனுப்புவது ஆபத்து. மன்னிப்பதும் அதே கூரையின் கீழ் அடி வாங்குவதும் ஒன்றல்ல. பெண்கள் உதவிக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். இந்த எண்களைத் தாளின் அடியில் போட இரண்டு வரி போதும்.

அடுத்து உபவாசம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு, போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் தப்பு. லெந்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்டு வைக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, திடீர் எரிச்சல், பேச்சுக் குழறல் வந்தால் உபவாசம் அங்கேயே முடிந்தது. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 கூப்பிடுங்கள். இதில் கொடுமை, அந்த எரிச்சலை வீட்டில் "உபவாசத்துல சாத்தான் சோதிக்கிறான்" என்று நினைத்துச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். சோதிப்பது வெறும் வயிறு.

கர்ப்பிணி, பாலூட்டுகிறவர், வளரும் பிள்ளைகளை உபவாசத்துக்கு இழுக்காதீர்கள்.

அன்பியம், கோவிலூர்

நர்ஸ் அக்கா சொன்னதற்குத் துணையாக, கத்தோலிக்க ஒழுங்கிலேயே கட்டாய நோன்பு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன் (சாம்பல் புதன்), புனித வெள்ளி. 18 முடிந்தவரில் இருந்து 59 வயதுவரை உள்ளவருக்குத்தான். ஒரு முழுச் சாப்பாடு, கூடவே இரண்டு சின்ன ஆகாரம். நோயாளிக்குக் கட்டாயமே இல்லை. கறியைக் கைவிட்டு, அதற்குப் பதில் எண்ணெயில் பொரித்த மீனாகத் தேடித் தேடிச் சாப்பிடுவதும் நோன்பில் சேர்த்தியா என்று யாராவது பங்குத்தந்தையைக் கேளுங்கள், நான் கேட்கமாட்டேன்.

மல்பெரி, பாலக்கோடு

பட்டுப்புழு வீட்டுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே. நாலாம் தோல் உரிச்சு ஐந்தாம் பருவத்துக்கு வந்த புழு ஏழெட்டு நாள் அசுரத் தீனி தின்னும். மொத்தத் தழையில பெரும்பங்கு அந்த வாரத்துலதான் போகும். விடிகாலை தழை அறுப்பு, கடைசித் தீனி ராத்திரி ஒன்பது பத்துன்னு ஆகும். அந்த வாரம் மாலை நேரம் மறந்துடுங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் நாலரை மணிக்கு, டீ குடிக்கிறப்ப, வாசிப்பும் கர்த்தருடைய ஜெபமும் மட்டும் மூணு நிமிஷம். புழு பழுத்துச் சந்திரிகையில (கூடு கட்ட விடற தட்டு) ஏத்தற அன்னிக்கு அதுவும் வேண்டாம், வீடே கை கொடுக்கணும். ஜெபம் விட்டுப்போச்சுன்னு அன்னிக்கு ஒருத்தரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது.

முக்கியமா ஒண்ணு: ஒரே கூரையில புழு மனையும் வீடும் இருந்தா ஜெபத்துக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் கொளுத்தாதீங்க. புகை புழுவுக்கு ஆகாது, கொசுவத்தி மருந்து விஷமே. மெழுகுவர்த்தி வேணும்னா ஏத்துங்க, புழு இருக்கிற அறையில இல்லாம.

பென்னாகரம் மேடு

ஜெபக் குறிப்பு பத்தியும் ஒரு வரி போடுங்க டீச்சர். குரூப்புல "இந்தச் சகோதரிக்கு இந்த வியாதி, ரிப்போர்ட் இணைச்சிருக்கேன், ஜெபியுங்க"ன்னு போடறாங்க. சம்பந்தப்பட்டவங்களைக் கேக்காம வியாதி பேரு, கல்யாணப் பேச்சு, கடன் தொகை எதையும் போடக் கூடாது. "ஒரு குடும்பத்துக்காக"ன்னாலே தேவனுக்குத் தெரியும். நமக்குத்தான் விவரம் வேணும்.

ஞாயிறுபள்ளி டீச்சர், கிருஷ்ணகிரி

எல்லாத்தையும் வெச்சு வரைவு போட்டாச்சு. முன்பக்கம்: ஷிப்ட் வாரியா நேரம், ஒன்பது நிமிஷ வரிசை, முடிஞ்சதும் விருப்பமுள்ளவர் தொடரலாம், போறவங்களைக் குத்தக் கூடாது, ஜெபத்துல மத்தவங்களுக்கு நன்றி, திருத்தம் தனக்கு, மாற்கு 11 முதல் 15 வரை 40 நாள் பட்டியல். பின்பக்கம்: சொல் அர்த்தம் பத்து, மன்னிப்புக் கேக்கிற முறை, உபவாச எச்சரிக்கை, புழு வீட்டுக் குறிப்பு, ஜெபக் குறிப்புக்கு ஒரு வரி, 181, 1098, 108. ஆர்.சி. வீடுகளுக்குத் தனியா ஒட்டற சீட்டுல செபமாலை: திங்கள், வியாழன் மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், சனி, ஞாயிறு மகிமை. சரியா இருக்கா? நாளைக்கு அச்சகத்துக்குப் போகுது.

அன்பியம், கோவிலூர்

டீச்சர், நிறுத்துங்க! அது பழைய புத்தகத்து வரிசை. வியாழன் ஒளி, சனி மகிழ்ச்சி.

பழைய ஞானோபதேசம், பர்கூர்

ஒரு நிமிட மௌனம் வரிசையில் இருக்கிறதா? அச்சகத்தில் இடம் போதவில்லை என்றால் அதைத்தான் எடுப்பார்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர், கிருஷ்ணகிரி

வியாழனும் சனியும் மாத்தியாச்சு. மௌனத்துக்கு ஒரு வெத்துக் கட்டம் விட்டிருக்கேன் ஐயா, அதுக்குள்ள ஒண்ணும் அச்சடிக்க வேண்டாம்னு எழுதியும் கொடுத்திருக்கேன்.